சிறுநகரத்தில் இரண்டு பெண்கள்: கதை எழுதுகிறவர்களுக்கு ஒரு நிகழ்வு ஆய்வு

தன்பாலீர்ப்பைப் பற்றிய சிறுநகரக் கதைகள் பல ஒரே வாசற்படியில் வந்து முடிகின்றன. மகள் தன் காதலியோடு வந்து நிற்கிறாள். அம்மா அழுகிறாள், அப்பா முகத்தைத் திருப்பிக்கொள்கிறார், கடைசிப் பத்தியில் எப்படியோ இரண்டு டம்ளர் காப்பி வந்துவிடுகிறது. இல்லையென்றால் கிணறு அல்லது தூக்குக் கயிறு. காப்பிக்கும் கிணற்றுக்கும் நடுவே காவல் நிலையம், மதிப்பெண் சான்றிதழ், பிரமாணப் பத்திரம், கோயில் பூசாரி, மனநல மருத்துவர், வாடகை வீடு என்று நீண்ட பாதை ஒன்று இருக்கிறது. கதை எழுதுகிறவர் அந்தப் பாதையில் நடந்து பார்க்காததால்தான் வீட்டார் மனம் மாறுவதையே உச்சக் காட்சியாக வைத்துவிடுகிறார். நீதிமன்றப் பதிவுகளோ வேறொன்றைக் காட்டுகின்றன. பெற்றோர் மாறவில்லை, பெண்கள் வாழத் தொடங்கிவிட்டார்கள்.

இந்த ஆய்வுக்கு எடுத்துக்கொண்டவை மூன்று வழக்குகள். 2021இல் மதுரைப் பெண்கள் தொடர்ந்தது, கேரளத்தின் கொல்லத்திலிருந்து உச்ச நீதிமன்றம் போய் 2024இல் தீர்ப்பானது, 2025இல் வேலூர் மாவட்டக் காவல்துறையைக் கேள்வி கேட்டது.

நடந்தவை

மதுரைப் பெண்களில் ஒருவருக்கு வயது 22, மற்றவருக்கு 20. வீட்டில் விஷயம் தெரிந்து நெருக்கடி வந்ததும் சென்னைக்கு வந்து தொண்டு நிறுவனங்களின் துணையோடு தங்கினார்கள். இரு வீட்டாரும் மதுரையில் தனித்தனியே புகார் கொடுக்க, பெண்ணைக் காணவில்லை என்று இரண்டு முதல் தகவல் அறிக்கைகள் பதிவாயின. போலீஸ் சென்னையில் அவர்கள் தங்கியிருந்த இடத்துக்கே வந்து விசாரித்தது. அதன் பிறகுதான் பாதுகாப்புக் கேட்டு உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் தனி நீதிபதியாக விசாரித்தார்.

வேலூர் வழக்கில் நிலைமை தலைகீழ். அங்கே ஓடிப்போனவர் யாருமில்லை, ஒருவர் பிடித்துக்கொண்டு போகப்பட்டார். 25 வயதுப் பெண்ணை வீட்டார் வலுக்கட்டாயமாகக் கொண்டுபோய் வைத்துக்கொள்ள, அவருடைய துணைவி ஆட்கொணர்வு மனு போட்டார். 2025 மே 22 அன்று நீதிபதிகள் ஜி.ஆர். சுவாமிநாதன், வி. லட்சுமிநாராயணன் அமர்வு தீர்ப்புச் சொன்னது.

இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாடு கதைக்கு முக்கியம். தாமாகவே வெளியேறி வந்தவர்கள் போடுவது, பாதுகாப்புக் கொடுக்க அதிகாரிகளுக்கு உத்தரவிடக் கேட்கும் ரிட் மனு. அடைத்து வைக்கப்பட்டவருக்காக வெளியிலிருப்பவர் போடுவது இன்னொரு வகை ரிட்டான ஆட்கொணர்வு மனு. முன்னதைத் தனி நீதிபதி கேட்கலாம், பின்னது இரு நீதிபதிகள் அமர்வுக்குப் போகும். தேனிப் பெண்ணின் கதை என்றால் மனு மதுரைக் கிளைக்குப் போகும், வேலூர் என்றால் சென்னைக்கு. கதையில் வக்கீல் எந்த ஊருக்குப் பஸ் ஏறுகிறார் என்பதே இதை வைத்துத்தான் முடிவாகும்.

காவல் நிலையத்தில்

போலீஸ்காரரை வில்லனாக்குவது சுலபம். ஆனால் அந்த நிலையத்தில் பெரும்பாலும் நடப்பது அடி உதை கிடையாது. அவர் தன்னைக் குடும்பத்துப் பெரியவராக நினைத்துக்கொள்கிறார். சிக்கலே அங்குதான். சட்டப்படி அவர் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டுதான்: உனக்கு வயதென்ன? உன் விருப்பத்தோடுதான் போனாயா? இரண்டுக்கும் பதில் கிடைத்த பிறகும் விடமாட்டார். அந்த இடத்தில் எழுதத் தக்க உரையாடல் இப்படி வரும்:

"ஏம்மா, படிச்ச புள்ளதானே நீ? பெத்தவங்க வயித்தெரிச்சலக் கொட்டிக்காத. பேசாம வீட்டுக்குப் போ."

"சார், எனக்கு இருபது முடிஞ்சிருச்சு. ஸ்டேட்மென்ட் எழுதிக் குடுத்துட்டேன்."

"அதெல்லாம் சரி. அந்தப் புள்ள யாரு உனக்கு?"

மூன்றாவது வரியில் வரும் கேள்விக்குச் சட்டத்தில் இடமில்லை. ஆனால் அந்த அறையில் இருக்கும் எல்லோரும் காத்துக்கொண்டிருப்பது அதற்கான பதிலுக்குத்தான். கதாபாத்திரம் அங்கே என்ன சொல்கிறாள் என்பது கதையின் போக்கையே தீர்மானிக்கும். "ஃபிரெண்டு" என்று சொன்னால் போலீசுக்கு நிம்மதி, பெண்ணை அப்பாவோடு அனுப்பிவிடலாம். உண்மையைச் சொன்னால் அந்தச் செய்தி சாயங்காலத்துக்குள் தெருவுக்கு வந்துவிடும். வேலூர் வழக்கில் மனுதாரர் தன் பிரமாணப் பத்திரத்தில்கூடத் தன்னை நெருங்கிய தோழி என்றுதான் குறிப்பிட்டிருந்தார். புகார்களிலும் உறவின் தன்மையைச் சொல்லவில்லை. அவருடைய தயக்கத்தைப் புரிந்துகொள்ள முடிகிறது என்று நீதிபதிகளே எழுதினார்கள். கதாசிரியருக்கு இதைவிட நல்ல தடயம் கிடைக்காது. கதாநாயகி நிமிர்ந்து நின்று முழங்குவதைக் காட்டிலும், பொய்யும் அல்லாத முழு உண்மையும் அல்லாத ஒரு சொல்லை வக்கீல் அலுவலகத்தில் தட்டச்சு செய்ய விடுவதில் பதற்றம் அதிகம்.

நிலையத்தில் பிசகும் மற்ற இடங்கள் சிலவற்றையும் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். பெண்ணுக்கு இன்னும் பதினெட்டு ஆகவில்லை என்று வீட்டார் சொல்லிவிட்டால் புகார் ஒரே நொடியில் கடத்தல் ஆகிவிடும். அதை உடைப்பது பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ் அல்லது பள்ளி மாற்றுச் சான்றிதழ். ஆதார் அட்டை அடையாளத்துக்கு உதவும், பிறந்த தேதிக்கு உறுதியான சான்றாகாது. உச்ச நீதிமன்றமும் 2024இல் இதைச் சொல்லியிருக்கிறது. ஆனால் அசல் சான்றிதழ்கள் எங்கே இருக்கும்? அப்பாவின் பீரோவில். கிளம்புகிறவள் துணிமணியை எடுக்க மறந்தாலும் அந்தக் கோப்பை எடுக்க வேண்டும். எடுக்க முடியாவிட்டால் படம் பிடித்துத் தன் மின்னஞ்சலுக்குத் தானே அனுப்பிவைக்க வேண்டும். அடுத்தது நகை. காதிலும் கழுத்திலும் கிடந்ததோடு போனால், வீட்டில் இருந்த நகையைத் திருடிக்கொண்டு போனாள் என்ற புகாருக்கு வழி திறந்துவிடும். ஆகவே விவரம் தெரிந்தவர்கள் கழற்றி வைத்துவிட்டு, அதையும் படம் எடுத்துவிட்டுத்தான் கிளம்பச் சொல்வார்கள். கதையில் தோட்டைக் கழற்றி வைக்கும் காட்சி பாசத்தைத் துறப்பதற்கான குறியீடாக வருவதுண்டு. அதற்கு இப்படிப்பட்ட நடைமுறைக் காரணமும் உண்டு என்று தெரிந்து எழுதினால் காட்சி கூர்மையாகும்.

சட்டம் தெரிந்த ஒரு தோழியோ தொண்டு நிறுவன ஊழியரோ கதையில் இருந்தால், அவர் வாயில் இன்னொரு விஷயத்தையும் வைக்கலாம். விசாரணைக்குச் சாட்சியாக ஒரு பெண்ணை அழைக்கும் காவல் அதிகாரி, அவள் குடியிருக்கும் இடத்துக்குத்தான் வர வேண்டும். நிலையத்துக்கு வா என்று கட்டாயப்படுத்தக் கூடாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 179ஆவது பிரிவு இது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலும் 160ஆவது பிரிவாக இருந்தது. தவிர, வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்கு இலவசச் சட்ட உதவி உண்டு. 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆவது பிரிவு அதைத் தருகிறது. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே அந்த அலுவலகம் இருக்கும். பணமில்லாத கதாநாயகிக்காக நல்ல மனம் படைத்த வக்கீல் ஒருவரை வானத்திலிருந்து இறக்க வேண்டியதில்லை.

புகார் கொடுத்தாலும் ஒன்றும் நடக்காமல் போவதுதான் மிகச் சாதாரணமான பிசகு. வேலூர் வழக்கில் போலீசின் செயலின்மையையும் உணர்வின்மையையும் நீதிமன்றம் வெளிப்படையாகவே கண்டித்தது. ஆட்கொணர்வு மனுவுக்கு முன் ஆய்வாளருக்கும் கண்காணிப்பாளருக்கும் தபாலில் புகார் அனுப்பி, அது போய்ச் சேர்ந்ததற்கான சான்றைப் பத்திரப்படுத்தச் சொல்வது இதனால்தான். நாங்கள் சொன்னோம், நீங்கள் அசையவில்லை என்பதற்கு அந்தத் தாள் சாட்சி.

நீதிபதியின் அறைக்குள்

மதுரை வழக்கைத் தனித்துவமானதாக்கியது நீதிபதி எடுத்த முடிவு. இந்த உறவைத் தான் இன்னும் முழுதாகப் புரிந்துகொள்ளவில்லை என்று அவர் ஆணையிலேயே எழுதினார். பெண்களையும் பெற்றோரையும் உளவியலாளரிடம் அனுப்பியதோடு நிற்காமல், 2021 ஏப்ரல் 28 ஆணையில் தானும் அதே உளவியலாளரிடம் அமர்ந்து கற்றுக்கொள்ள நேரம் கேட்டார். போலீசுக்கும் மருத்துவர்களுக்கும் வழிகாட்டல்கள் தந்த ஜூன் 7 ஆணை அதற்குப் பிறகு வந்தது.

இதில் கதை எழுதுகிறவர் கவனிக்க வேண்டியது பெற்றோரைப் பற்றி உளவியலாளர் தந்த அறிக்கையை. மகள்களின் பாதுகாப்பு பற்றி அவர்களுக்கு அச்சம் இருந்தது. வம்சம் என்னாகும், குழந்தை தத்தெடுப்பதெல்லாம் எப்படி என்று குழப்பம் இருந்தது. பெண்ணோடு வாழ்வதைவிடக் கல்யாணமே இல்லாமல் தனியாக இருந்துவிட்டால்கூடக் கௌரவமாக இருக்கும் என்பது அவர்களுடைய நிலை. கத்தியைத் தூக்கும் அப்பாவும் கட்டியணைக்கும் அம்மாவும் இந்த அறிக்கையில் இல்லை. பேரம் பேசும் பெற்றோர் இருக்கிறார்கள். சரி, கல்யாணம் வேண்டாம், வேலைக்குப் போ, எங்களோடயே இரு, அவளை மட்டும் விட்டுவிடு. இது கொடூரமாகத் தோன்றாமலே கொடூரமானது. நாடகத்தனம் இல்லாமல் ஒரு முழுக் கதையையே தாங்கக்கூடிய வாக்கியம் இதுதான்.

வேலூர் வழக்கில் வந்த தாய் வேறு மாதிரி. துணைவிதான் மகளைக் கெடுத்தாள், போதைப் பழக்கத்துக்கு ஆளாக்கினாள் என்றார். நீதிபதிகள் மகளை நேரில் பார்த்துப் பேசிவிட்டு, அப்படிக் குற்றம் சாட்டுவது நியாயமில்லை என்று பதிவு செய்தார்கள். எழுத்தாளர் விக்ரம் சேத்தின் தாயான நீதிபதி லீலா சேத் மகனை ஏற்றுக்கொண்டதைக் குறிப்பிட்டு, எல்லாத் தாயும் அப்படி இல்லை என்ற பொருளில் எழுதினார்கள். அந்தத் தாயை அவர்கள் மாற்ற முயலவில்லை. மகளின் சுதந்திரத்தில் குடும்பத்தார் தலையிடக் கூடாது என்று தடுத்தார்கள், தேவைப்படும்போதெல்லாம் பாதுகாப்புக் கொடுக்க உள்ளூர்ப் போலீசுக்கு உத்தரவிட்டார்கள், அவ்வளவுதான். குடும்பம் என்பது திருமணத்தால் மட்டும் உருவாவதில்லை, தேர்ந்துகொள்ளும் குடும்பமும் உண்டு என்பதும் அந்தத் தீர்ப்பில் வருகிறது. 2023 அக்டோபர் 17 அன்று உச்ச நீதிமன்றம் தன்பாலினத் திருமணத்தை அங்கீகரிக்க மறுத்துவிட்ட பின்னணியில் இதைப் படிக்க வேண்டும்.

வராமல் போனவள்

கொல்லம் வழக்கைக் கதையாசிரியர்கள் யாரும் தொடத் துணியமாட்டார்கள். தொட வேண்டும். துணைவியை வீட்டார் அடைத்து வைத்திருக்கிறார்கள் என்று ஒரு பெண் கேரள உயர் நீதிமன்றத்துக்குப் போனார். அந்த நீதிமன்றம் அடைபட்டவருக்கு மனநல ஆலோசனை தர உத்தரவிட்டது. அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனது. உச்ச நீதிமன்றம் ஒரு நீதித்துறை அதிகாரியை நியமித்துத் தனியாகப் பேசவைத்தது. தான் பெற்றோரோடு விருப்பத்தோடுதான் இருப்பதாகவும், மனுதாரர் தனக்கு நெருங்கிய தோழி என்றும், இப்போதைக்கு யாரோடும் வாழும் எண்ணமில்லை என்றும் அந்தப் பெண் சொன்னார். மனு தள்ளுபடி ஆனது.

ஆனால் 2024 மார்ச் 11 தேதியிட்ட அதே தீர்ப்பில்தான் இனிவரும் வழக்குகளுக்கான வழிமுறைகள் இருக்கின்றன. அடைபட்டவரை நீதிபதி தனியறையில், வீட்டார் இல்லாமல் சந்திக்க வேண்டும். மனுதாரர் துணைவியா தோழியா என்று துருவக் கூடாது. ஆலோசனைக்கோ பெற்றோர் பராமரிப்புக்கோ அனுப்பக் கூடாது. வீட்டுக்குப் போக விரும்பவில்லை என்று அவர் சொன்னால் உடனே விடுவிக்க வேண்டும். தன் வழக்கில் தோற்றவர், தான் முன்பின் பார்த்திராத பெண்களுக்காக ஒரு வழியை வெட்டிக் கொடுத்துவிட்டுப் போனார்.

அந்தப் பெண் சொன்னது உண்மையான விருப்பமா, பயத்தில் வந்த சொல்லா? பதிவைப் படிக்கிறவர் முடிவு சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. கதாசிரியருக்கு அந்தச் சுதந்திரம் உண்டு என்றாலும், விடை சொல்லாமல் விடுவதே மேல். அவள் பக்கத்திலிருந்து எழுதினால் ஒரு கதை. வெளியே வராந்தாவில், கைப்பையில் இரண்டு ரயில் டிக்கெட்டோடு உட்கார்ந்திருப்பவள் பக்கத்திலிருந்து எழுதினால் வேறு கதை.

பூசாரியும் மனநல மருத்துவரும்

வேலூர்ப் பெண் நீதிபதிகளிடம் சொன்னதில், தன்னை அடித்ததோடு, மாற்றுவதற்காகச் சில சடங்குகளும் செய்தார்கள் என்பது உண்டு. உயிருக்குப் பயந்ததாகவும் சொன்னார். ஊர்ப்பக்கம் மந்திரிப்பது, தாயத்துக் கட்டுவது, செவ்வாய் வெள்ளியில் கோயிலில் கொண்டுபோய் உட்காரவைப்பது, ஜாதகத்தில் தோஷம் பார்த்துப் பரிகாரம் செய்வது எல்லாம் ஒரே வரிசையில் வரும். இதை எழுதும்போது இரண்டு தவறுகள் நடக்கின்றன. ஒன்று, பூசாரியைக் கேலிச்சித்திரமாக்குவது. மற்றது, அதே வீட்டார் அடுத்த வாரம் டவுனில் மருத்துவரிடமும் போவார்கள் என்பதை மறப்பது. நம்பிக்கையும் மருத்துவமும் அந்த வீட்டில் மோதுவதில்லை, இரண்டும் ஒரே வேலைக்காக அடுத்தடுத்துக் கூப்பிடப்படுகின்றன.

மருத்துவரின் அறைதான் அதிக ஆபத்து, ஏனென்றால் அங்கே மாத்திரை இருக்கிறது, அனுமதிப் படிவம் இருக்கிறது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 3ஆவது பிரிவு, ஒருவர் தம் சமூகத்தின் ஒழுக்க, பண்பாட்டு மதிப்பீடுகளுக்கு இசையவில்லை என்பதை மனநோய்க்கு அடையாளமாகக் கொள்ளக் கூடாது என்கிறது. வயது வந்தவரை அவர் சம்மதமில்லாமல் சேர்க்க 89ஆவது பிரிவுப்படி ஒரு மனநல மருத்துவரும் தகுதியுள்ள இன்னொருவரும் தனித்தனியே பரிசோதித்திருக்க வேண்டும், அதுவும் முதலில் 30 நாளுக்கு மேல் கிடையாது. இன்னும் பயனுள்ளது 14ஆவது பிரிவு: வெள்ளைத் தாளில் எழுதிக் கையெழுத்திட்டு, சம்மதிக்கிற வயது வந்த யாரையும் மனநலச் சிகிச்சை விஷயங்களில் தன் பிரதிநிதியாக நியமித்துக்கொள்ளலாம், அவர் உறவினராக இருக்க வேண்டியதில்லை. வீட்டை விட்டுக் கிளம்பும் முன்பே இதை எழுதி ஒரு பிரதியை வக்கீலிடமும் ஒன்றைத் துணைவியிடமும் கொடுத்து வைப்பது நல்லது. பாலீர்ப்பை மருத்துவத்தால் மாற்ற முயல்வதை 2021 ஜூன் ஆணை தடை செய்தது. அந்த வழக்கின் தொடர்ச்சியாக 2022இல் தேசிய மருத்துவ ஆணையம் அதைத் தொழில்முறை ஒழுங்கீனம் என்று அறிவித்தது. ஆகவே 2022க்குப் பிறகு நடக்கும் கதையில் ஒரு மருத்துவர் மாற்றித் தருவதாகச் சொன்னால், அவர் அதை ரசீதில் எழுதமாட்டார். மனச்சோர்வு என்று எழுதுவார்.

தீர்ப்புக்குப் பிறகு

தூத்துக்குடியில் 2018 அக்டோபரில் கோயிலில் திருமணம் செய்துகொண்ட ஆணும் திருநங்கையும் தொடர்ந்த வழக்கை இங்கே சேர்த்துக் குழப்பக் கூடாது. அங்கே தடையாக நின்றது திருமணத்தைப் பதிய மறுத்த பதிவு அலுவலகம். இந்து திருமணச் சட்டத்தில் மணமகள் என்பது திருநங்கையையும் குறிக்கும் என்று மதுரைக் கிளை 2019 ஏப்ரல் 22இல் சொன்னது. தன்பாலின இணையருக்கு அந்தக் கதவு திறக்கவில்லை. திருநங்கைக் கதாபாத்திரத்தின் சட்டச் சிக்கலை அப்படியே எடுத்து இரண்டு பெண்கள் கதையில் ஒட்டிவைத்தால் விவரம் தெரிந்தவர்கள் முதல் பக்கத்திலேயே கண்டுபிடித்துவிடுவார்கள்.

மதுரை வழக்கு ஜூன் ஆணையோடு முடியவில்லை, நீதிமன்றம் அதைத் தொடர்ந்து கையில் வைத்திருந்தது. வயது வந்தவர்கள் சம்மதத்தோடு சேர்ந்திருப்பதாக வாக்குமூலம் கொடுத்தால், காணவில்லை என்ற புகாரை அவர்களைத் துன்புறுத்தாமல் முடித்துவிட வேண்டும் என்பது அந்த ஆணையின் முக்கியமான வழிகாட்டல். போலீஸ் தொல்லை நிற்காததால், 2022இல் தமிழ்நாடு அரசு சார்நிலைக் காவல் அலுவலர் நடத்தை விதிகளில் 24-சி என்ற விதியைச் சேர்த்தது. தன்பாலீர்ப்பாளர், திருநர் உள்ளிட்ட பால்புதுமையரையும் அவர்களுக்காக வேலை செய்கிறவர்களையும் காவலர் துன்புறுத்தக் கூடாது என்கிறது அந்த விதி. ஆனால் சட்டப்படியான விசாரணை துன்புறுத்தல் ஆகாது என்ற விளக்கமும் கூடவே இருக்கிறது. அந்த விளக்கத்தின் சந்துக்குள் நிற்கும் ஏட்டையா நல்ல கதாபாத்திரம்.

பிறகு வாழ்க்கை. வீடு பிடிக்கும்போது அக்கா தங்கச்சி என்று சொல்வதா, ஒரே கம்பெனி என்று சொல்வதா? முதலாவதைச் சொன்னால் ஆதார் நகலில் அப்பா பெயர் காட்டிக்கொடுக்கும். இரண்டாவதைச் சொன்னால் ஒருத்தி வேலையை விட்டதும் கேள்வி வரும். வங்கியில் கூட்டுக் கணக்கு தொடங்கவும் துணையை நியமனதாரராக வைக்கவும் தடையில்லை என்று ஒன்றிய நிதி அமைச்சகம் 2024 ஆகஸ்ட் 28இல் தெளிவுபடுத்தியிருக்கிறது. ரேஷன் அட்டைக்காக இணையரை ஒரே குடும்பமாகக் கருதலாம் என்று மாநிலங்களுக்கு அறிவுறுத்தலும் போயிருக்கிறது. சிறுநகரக் கதைக்கு வங்கியைவிட ரேஷன் அட்டையே பொருத்தமானது. விண்ணப்பத்தில் குடும்பத் தலைவர் யார் என்று எழுத வேண்டும், அடுத்தவருக்கு உறவுமுறை என்ற கட்டத்தை நிரப்ப வேண்டும். அந்தக் கட்டத்தில் எழுதியதை வட்ட வழங்கல் அலுவலர் படிப்பார், பிறகு கடை ஊழியர் படிப்பார், வரிசையில் பின்னால் நிற்கும் பக்கத்து வீட்டம்மாவும் எட்டிப் பார்ப்பார். அவர்களில் ஒருவர் படித்துவிட்டுச் சர்க்கரையை நிறுத்துப் போட்டு அடுத்த ஆளைக் கூப்பிடலாம், இன்னொருவர் அட்டையைத் திருப்பிக் கொடுக்காமல் கையில் வைத்துக்கொண்டே கேள்வி கேட்கலாம். பெற்றோர் மனம் மாறும் காட்சியை நீக்கிவிட்டு, கதையை அந்த வரிசையிலிருந்து தொடங்கினால் மூன்று வழக்குகளில் கிடைத்த எல்லா விவரமும் பின்கதையாக உள்ளே வர இடமிருக்கும்.